நாசோருக்காக ஓர் இத்தா

டாங்கா,
4 மார்ச் 1988

அன்புத் தங்கை சுவேனாவுக்கு, அக்கா சல்ஹா ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் என் இரண்டு குரங்குக்குட்டிகளும் அல்லாஹ் கிருபையால் சுகம். நீயும் சப்ராவும் உன் மாமியாரும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய மனம் அலைகிறது.

நாசோரை அடக்கிய அன்றுதான் எனக்குத் தந்தியே கிடைத்தது. அதற்குப் பிறகு உங்கள் தீவுக்கு, வேட்டேவுக்கு, படகு இல்லை. இரண்டு வருடம் கூடக் குடும்பம் நடத்தாத பிள்ளைக்கு இப்படியா என்று உன் மச்சான் சாப்பிடாமல் எழுந்து போனார். அவர் சாப்பாட்டை விடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும்.

கணவனை இழந்தவள் நீ, நாலு மாதம் பத்து நாள் அந்த வாசற்படியைத் தாண்டாமல் துக்கம் காத்து இத்தா இருந்தாக வேண்டும். அதற்குப் பிறகு? நான் இப்போதே சொல்லி வைக்கிறேன்: சப்ராவைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடு. எங்கள் பள்ளியிலேயே ஆரம்ப வகுப்புக்கு ஓர் ஆசிரியை இடம் காலி. தலைமை ஆசிரியை ஜூலை வரை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். கல்லூரிப் படிப்பை அடுப்பு ஊதவா படித்தாய்?

சும்மா உட்கார்ந்திருந்தால் மனம் உன்னைத் தின்றுவிடும். ஒரு வேலை தருகிறேன். நாம் இருவரும் கல்லூரியில் படித்த அந்தப் பழைய நாவல், பஹாத்தியின் கதை, இந்த வருடம் என் நான்காம் படிவப் பிள்ளைகளுக்குப் பாடம். தேர்வில் எப்போதும் வருகிற கேள்வி: காதலும் மனமுறிவும் கதை மாந்தரை எப்படி மாற்றுகின்றன? உன் எழுத்தில் குறிப்பு அனுப்பு. நாவலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

சப்ராவின் கன்னத்தில் என் முத்தம்.
உன் சல்ஹா


வேட்டே, பெம்பா,
20 மார்ச் 1988

அக்காவுக்கு ஸலாம். நான் சுகம், மாமி சுகம். சப்ராவுக்குத்தான் இருமல். மாமி கிராம்பை இடித்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவுகிறார். ஏழு மாதக் குழந்தைக்குத் தேன் கொடுக்கலாமா? அங்கே ஆஸ்பத்திரி நர்ஸைக் கேட்டு எழுது. இரவு அவள் மூச்சு விடுகிறாளா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

என் அறைக்கு ஒரே ஜன்னல். அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. வெள்ளைத் துணி, கண்ணில் மையில்லை, தலையில் வாசனை எண்ணெயில்லை. மாமி காலையில் தேங்காய்ப்பால் விட்ட மண்டாசிப் பணியாரம் சுட்டுக் கொண்டுவருகிறார், நான் மெல்லும்வரை எதிரில் உட்கார்ந்திருக்கிறார். "தின்னு புள்ள. நீ தின்னாதான் அவன் புள்ளைக்குப் பாலு" என்கிறார். மீதி நேரமெல்லாம் சப்ரா அவர் மடியில்தான். பால் கொடுக்க மட்டும் எனக்குக் கிடைக்கிறாள். டாங்கா வேலையைப் பற்றிப் பார்க்கலாம்.

குறிப்பு. பஹாத்தி முதல் அத்தியாயத்தில் எப்படி இருக்கிறாள்? சந்தையில் மீன்காரனை நிற்கவைத்துக் கேலி செய்கிறாள். "இது மீனா, உங்க தாத்தாவோட செருப்பா?" என்று கேட்கிற வாய். படகு கட்டுகிறவரின் மகன் மக்காமேயை விரும்பிக் கட்டிக்கொள்கிறாள். மூன்றாம் அத்தியாயத்துக்குப் பிறகு அவள் ஒரு கேலியும் பேசவில்லை, கவனித்தாயா? நான் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தேன். அவன் பேசுகிறான், அவள் கேட்கிறாள். காதல் அவளை மென்மையாக்கியது என்று கைடு புத்தகம் சொல்கிறது. காதல் அவள் நாக்கை வாங்கி வைத்துக்கொண்டது என்று பிள்ளைகளை எழுதச் சொல். மார்க் குறைந்தால் என்னைத் திட்டட்டும்.

தொழுது கேட்கும் துஆவில் என்னை மறக்காதே.
சுவேனா


டாங்கா,
10 ஏப்ரல் 1988

என் சுவேனாவுக்கு ஸலாம், சுகம் விசாரிப்பு. தேன் கூடாதாம். ஒரு வயதுக்குப் பிறகுதானாம். மாமியிடம் நயமாகச் சொல், நர்ஸ் சொன்னதாகச் சொல்லாதே. நர்ஸ்களைக் கண்டால் அந்தக் காலத்து ஆட்களுக்கு ஆகாது.

உன் குறிப்பை வகுப்பில் வாசித்தேன். முதல் பெஞ்சு ம்கிவா எழுந்து, "டீச்சர், எங்க வீட்ல அம்மா நாக்கை அப்பா இன்னும் வாங்கல, தேடிக்கிட்டே இருக்காரு" என்றான். வகுப்பு அடங்கப் பத்து நிமிடம். பெண் பிள்ளைகள் சிரிக்கவில்லை. கோடு போட்டுப் பார்த்துவிட்டு, அதை எழுதிய அக்கா யார் என்று கேட்டார்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. இரண்டு பக்கக் கடிதத்தில் நாசோரின் பெயரைக் காணோம். மண்டாசி இருக்கிறது, மீன்காரன் இருக்கிறான். அழுகிறாயா? அழுதால் நல்லது என்பார்கள். அழாவிட்டாலும் என்னிடம் சொல்.

நோன்பு வரப்போகிறது. பால் கொடுக்கிறவள் பிடிக்க வேண்டியதில்லை, பிறகு நோற்றுக்கொள்ளலாம். பிடிவாதம் செய்யாதே.
சல்ஹா


வேட்டே,
2 மே 1988

அக்காவுக்கு நோன்பு ஸலாம். மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும் என் விசாரிப்பு. தேனை நிறுத்தியாயிற்று. மாமி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் அவரே கிராம்பைத் தூக்கிப் பரணில் வைத்தார்.

மழை விடாமல் பெய்கிறது. சுவரில் பச்சை பூத்துவிட்டது. சப்ராவின் துணி காயாமல் அறை முழுக்கக் கொடி கட்டியிருக்கிறேன், குனிந்துதான் நடக்க வேண்டும்.

மாமியின் தம்பி ஹமது வந்திருந்தார், கவிழ்ந்து மீட்ட படகில் இறந்தவரின் மனைவிக்கு உள்ள பாகத்தைப் பேச. எனக்கு வேண்டாம், எல்லாம் சப்ராவுக்கு என்றேன். அவர் என்னைப் பாராட்டினார். நல்ல பெண் என்று மாமியிடம் இரண்டு முறை சொன்னார். அந்தப் பாராட்டு எனக்குக் கூசியது.

டாங்கா வேலையை மாமியிடம் சொன்னேன். அவர் சப்ராவின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார். "உங்க அக்கா வீடுதானே, போ. ஒரு மாசம் இரு, ரெண்டு மாசம் இரு. என் மகன் எங்கயும் வரமாட்டான்" என்றார். சப்ராவை இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார். அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

குறிப்பின் அடுத்த பாதி. மக்காமே கடலுக்குப் போகிறான். ஒரு மாலுமியின் வாயிலாகச் செய்தி வருகிறது: வேறு துறைமுகத்தில் வேறொருத்தியோடு இருக்கிறான், திரும்ப மாட்டான். பஹாத்தி அதைக் கிழட்டு மாமனாரிடம் சொல்வதில்லை. தினமும் மூன்று பேருக்குத் தட்டு வைக்கிறாள். மகன் வருவான் என்ற நம்பிக்கையிலேயே கிழவர் சாகிறார். மனமுறிவு அவளைப் பக்குவப்படுத்தியது, தியாகியாக்கியது என்கிறது கைடு. எனக்கு அந்தக் கைடை எழுதியவரைப் பார்க்க வேண்டும். மனமுறிவு அவளுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது, அவ்வளவுதான். முதல் நாள் தட்டு வைத்தாள். இரண்டாம் நாள் வைக்காமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் முதல் நாள் வைத்துவிட்டாள். இதில் தியாகம் எங்கே இருக்கிறது?

இப்படி எழுதினால் பிள்ளைகள் தேறமாட்டார்கள். நீயே ஏதாவது சேர்த்துக்கொள்.
சுவேனா


டாங்கா,
12 மே 1988

அன்புச் சுவேனாவுக்கு ஸலாம். எல்லோரும் நலம்.

உன் கடிதத்தை வகுப்பில் வாசிக்கவில்லை. மூன்று முறை நான் மட்டும் வாசித்தேன். நீ எழுதியது பஹாத்தியைப் பற்றியா?

நீ சிறு வயதில் மாம்பழம் திருடினால் திருடாத வீட்டு மரத்தைப் பற்றியே பேசுவாய். அம்மா அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள். படகில் பாகம் வேண்டாம் என்றது பெருந்தன்மை என்றால் ஏன் அந்தப் பாராட்டு கூச வேண்டும்? போவதற்கு முன் நாசோர் உன்னிடம் ஏதாவது சொன்னாரா? நேராக எழுது.
உன் அக்கா


டாங்கா,
8 ஜூன் 1988

சுவேனா, ஸலாம். பெருநாள் போயிற்று. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. படகு வரும் நாளெல்லாம் தபாலாபீசில் நிற்கிறேன். குமாஸ்தா என்னைக் கண்டதும் தூரத்திலிருந்தே கையை விரிக்கிறான். சப்ராவுக்கு உடம்பு சரியில்லையா? உனக்கா? நான் கேட்ட கேள்வி தப்பென்றால் கேட்கவில்லை என்று வைத்துக்கொள். "சுகம்" என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.
சல்ஹா


வேட்டே,
14 ஜூன் 1988

அக்காவுக்கு ஸலாம். சப்ரா சுகம். இரண்டு பல் வந்துவிட்டது. நான் எப்படி இருக்கிறேன் என்பதை எழுதத்தான் இவ்வளவு நாள்.

மாமி தொழுதுகொண்டிருக்கிறார், சப்ரா தூங்குகிறாள். நிறுத்தாமல் எழுதிவிடுகிறேன்.

நாசோர் புறப்பட்ட அன்று காலை நான் பின்கட்டில் கிணற்றடியில் சப்ராவின் துணிகளை அலசிக்கொண்டிருந்தேன். அவர் வந்து நின்றார். மொம்பாசாவில் ஒருத்தி இருப்பது எனக்குத் தெரியும், அவரும் மறைத்ததில்லை. கத்தவில்லை. மீன் விலை சொல்வதுபோல நிதானமாக, மூன்று முறை தலாக் சொன்னார். என் கையெல்லாம் சோப்பு நுரை. நான் "சரி" என்றேன். ஏன் சரி என்றேன், அக்கா? சந்தையில் யாரையும் விடாத வாய் என்று எனக்குக் கல்லூரியில் பெயர்.

அவர் போய்விட்டார். மூன்றாம் நாள் என் துணிகளைத் தரையில் பரப்பி ஓலைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன், உன்னிடம் வர. அப்போதுதான் கடற்கரையிலிருந்து கூச்சல் கேட்டது. படகு கவிழ்ந்துவிட்டது, உடல் ஒதுங்கியிருக்கிறது. பெண்கள் உள்ளே ஓடிவந்தார்கள். சிதறிக் கிடந்த துணிகளுக்கு நடுவில் என்னைப் பார்த்து, "பாவி, பைத்தியம் புடிச்சிருச்சு இவளுக்கு" என்று கட்டிக்கொண்டு அழுதார்கள். வளையலைக் கழற்றினார்கள், கண் மையைத் துடைத்தார்கள், வெள்ளையைச் சுற்றினார்கள். மாமி என் மடியில் விழுந்தார். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வேன், நான் அவருடைய மனைவி இல்லை என்று? மறுநாள் சொல்லலாம் என்றிருந்தேன். மறுநாள் முதல்நாள் சொல்லாதது குறுக்கே நின்றது.

இப்போது புரிகிறதா, நான் யாருடைய இத்தாவில் உட்கார்ந்திருக்கிறேன் என்று? தினமும் ஊர்ப் பெண்கள் வந்து அவரைப் போல் ஒரு கணவன் உண்டா என்கிறார்கள். நான் தலையசைக்கிறேன். அதிலும் கொடுமை, அவரை எனக்குப் பிடித்திருந்தது. அவர் சிரிப்பு பிடித்திருந்தது. என்னை வேண்டாம் என்றவருக்காக அழவும் முடியவில்லை. அழுதால் மாமி என்னை அணைத்துக்கொள்கிறார்.

என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது. அதைச் சொன்னால் இந்த வீட்டில் என்னை ஒரு நாளும் வைத்துக்கொள்ள மாட்டார்கள், சப்ராவோடு வெளியே வந்துவிடலாம். சொன்னால் இந்தக் கிழவி செத்துப்போவாள். இந்த மாதம் இருபத்தெட்டில் இத்தா முடிகிறது.

பதில் எழுது. மச்சானிடம் சொல்லாதே.
சுவேனா


டாங்கா,
20 ஜூன் 1988

என் கண்ணே சுவேனாவுக்கு ஸலாம்.

கடிதத்தை வாசித்துவிட்டுக் குளியலறையில் போய் உட்கார்ந்து அழுதேன். பிறகு செத்துப்போன ஒரு மனுஷனைக் கன்னாபின்னாவென்று திட்டினேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், ஆனால் உடனே வேண்டாம்.

சொல்லிவிடு. சொன்னால் மாமி சாகமாட்டார், பெற்ற பிள்ளையையே மண்ணில் வைத்துவிட்டு எழுந்து நின்றவர். சொல்லாவிட்டால் நீ அந்த அறையிலேயே இருப்பாய், சப்ரா அந்த மடியிலேயே இருப்பாள். இந்த வருடம் இல்லையென்றால் அடுத்த வருடம் என்பாய். வழக்கென்று போனாலும் பால் குடிக்கிற பிள்ளை தாயோடுதான் என்று எந்தக் காழியும் தீர்ப்புச் சொல்வார், அதைப் பற்றிப் பயப்படாதே. தலைமை ஆசிரியையிடம் ஜூலை முதல் வாரம் வருகிறாள் என்று உறுதி சொல்லிவிட்டேன். பொய்யாக்கிவிடாதே.

குளித்து வெள்ளையைக் களைந்த கையோடு சொல். பட்டென்று சொல்.
சல்ஹா


வேட்டே,
30 ஜூன் 1988

அக்காவுக்கு ஸலாம். நான் சுகம், சப்ரா சுகம். மாமியும் சுகமாகத்தான் இருக்கிறார்.

முந்தாநாள் இத்தா முடிந்தது. ஊர்ப் பெண்கள் வருவதற்கு முன்பே மாமி என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப்போனார். வெந்நீரில் மல்லிகையைப் போட்டுத் தலையில் ஊற்றினார். புதுத் துணி, மஞ்சளில் கறுப்புப் பூப்போட்டது, மடித்து வைத்திருந்தார். அதை உடுத்திக்கொண்டு நான் வாயைத் திறந்தேன். "மாமி, உங்கள்ட்ட ஒண்ணு சொல்லணும்."

"கெணத்தடியில அவன் சொன்னதா?" என்றார்.

 மாமி என் தலையைத் துவட்டிக்கொண்டே பேசினார், என் முகத்தைப் பார்க்காமல். அன்று காலை நாசோர் வாசலில் நின்று அவரிடமே சொல்லியிருக்கிறார்: அவளை விட்டுவிட்டேன், நான் திரும்பி வருவதற்குள் அனுப்பிவிடு என்று. மாமி அவரை ஏசி அனுப்பியிருக்கிறார். வந்தபின் பேசிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார்.

தெரிந்துமா என்னை உட்கார வைத்தீர்கள் என்று கேட்டேன். என் குரல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். மாமி சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என் வார்த்தையில் மாற்ற எனக்கு மனமில்லை.

"பெத்தவளுக்கு மூணே நாளுதான், புள்ள. பொண்டாட்டிக்குத்தான் நாலு மாசம் பத்து நாளு. நாலாம் நாளு நான் மூஞ்சியக் கழுவிக்கிட்டு சந்தைக்குப் போவணும், எவ வீட்டுக் கல்யாணத்துக்காவது போயிச் சிரிக்கணும். அவன் செத்தத இந்த வீட்ல உன் வெள்ளைதான் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நீ வாயத் தொறந்திருந்தா எம்புள்ளைக்குத் துக்கங் காக்க யாரு இருந்திருப்பா?"

நான் சண்டை போடத் தயாராக வந்தவள். வாக்கியத்தைக் கையில் கத்திபோலப் பிடித்து வந்தேன். அவர் அதை எனக்கு முன்பே தன் வயிற்றில் வைத்திருக்கிறார். தினமும் என் எதிரில் உட்கார்ந்து நான் மண்டாசி மெல்வதைப் பார்த்தாரே, அப்போதெல்லாம் நான் சொல்லிவிடுவேனோ என்றுதான் பார்த்திருக்கிறார்.

பிறகு நான் டாங்கா போகிறேன், சப்ராவோடு போகிறேன் என்றேன். அவர் உள்ளே போய்ச் சப்ராவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். "சொல்லிட்டுப் போறியா, சொல்லாமப் போறியா?" என்று கேட்டார். சொல்லிவிட்டுப் போனால், கைக்குழந்தைக்காரிக்குத் தலாக் சொல்லிவிட்டுப் போய்ச் செத்தவன் என்று ஊர் தன் மகனைப் பேசும் என்றார். சப்ராவை இடுப்பிலிருந்து இறக்கி என் கையில் கொடுத்தார். "இவள எடுத்துக்கிட்டுப் போ. அவன எனக்கு விட்டுட்டுப் போ."

நான் சரி என்றேன். மறுபடியும் அந்தச் சரி. ஆனால் இந்த முறை எதற்குச் சரி என்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

ஆக, நான் வெளியே வருகிறேன். நீ உன் பள்ளிக்கூடத்தில், அக்கம்பக்கத்தில், மச்சானிடம்கூட, நான் நாசோரின் விதவை என்றுதான் சொல்ல வேண்டும். வெள்ளையைக் களைந்துவிட்டேன், அதை மட்டும் களைய முடியாது. உனக்குக் கோபம் வரும். வந்த பிறகு திட்டிக்கொள்.

உன் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. மனமுறிவு பஹாத்தியை எப்படி மாற்றியது என்று எல்லோரும் எழுதுகிறோம். அந்தக் கிழவர் பகுதியைத் திரும்பப் படிக்கச் சொல். மூன்றாவது தட்டு எதற்கு என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமைப் படகில் புறப்படுகிறேன். மாமி துறைவரை வருவதாகச் சொல்கிறார். நாசோர் போனபின் அவர் அந்தப் பக்கம் போனதில்லை. வராமல் இருந்தால் எனக்கு நல்லது.
சுவேனா


டாங்கா,
4 ஜூலை 1988

அன்புத் தங்கைக்கு, அக்காவின் ஸலாம். எல்லோரும் சுகம். இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கும்போது நீ பெட்டி கட்டிக்கொண்டிருப்பாய்.

கோபம் வந்தது. இரண்டு நாள் இருந்தது. இப்போதும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

ஆனால் நீ கேட்டபடியே செய்தேன். என் தங்கை வருகிறாள், கணவனைக் கடலில் பறிகொடுத்தவள் என்று ஆசிரியர் அறையில் சொன்னேன். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். தலைமை ஆசிரியை உனக்கு ஜன்னலோர மேசையைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். இந்தப் பரிதாபத்தை நீ தினமும் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும், தயாராக வா.

கணக்கு டீச்சர் மவனாகோம்போ, வாய் சும்மா இருக்காது, "அவரு உன் தங்கச்சிய நல்லா வச்சிருந்தாரா?" என்று கேட்டாள். உயிரையே வைத்திருந்தார் என்றேன். அதோடு விடுவாளா? எப்படி, என்ன செய்வார் என்று கேட்டாள். பேந்தப் பேந்த விழித்தால் நன்றாக இருக்காதே. கடலுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அவளுக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கி வருவார், மடியில் மறைத்து வைத்திருந்து கடைசியில்தான் எடுப்பார் என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். சொல்லி முடித்தபோது எனக்கே அவர்மேல் கொஞ்சம் பிரியம் வந்தது.

படகில் வரும்போது மீதியை யோசித்து வை. நாம் இருவரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். சப்ரா பெரியவளாகிக் கேட்பாள்.

துறையில் காத்திருப்பேன்.
சல்ஹா